ஹாம்ஸ்டரும் சுண்டெலியும் கோலி நாயும்

பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற மனிதப் புரதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் புற்றுநோய் வார்டிலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். கால்நடை மருத்துவனான எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. அந்தக் கதையின் முக்கால்வாசி எங்கள் தரப்பு நோயாளிகளின் கதை.

1948 டிசம்பர். சீனாவில் உள்நாட்டுப் போர் முற்றியிருந்த நேரம். ராபர்ட் பிரிக்ஸ் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 10 ஆண், 10 பெண் ஹாம்ஸ்டர் எலிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த வம்சத்தில் வந்த ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து 1957இல் தியோடர் பக் எடுத்து வளர்த்த செல்கள் பிறகு உலகமெங்கும் ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

டொரன்டோவில் விக்டர் லிங் அந்தச் செல்களுக்கு கோல்ச்சிசின் கொடுத்தார். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்களே, அந்தச் செங்காந்தள் விதையில் இருக்கும் அதே நஞ்சுதான். முதலில் கொஞ்சம், தப்பிப் பிழைத்தவற்றுக்கு இன்னும் கொஞ்சம் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சிய செல்கள் கோல்ச்சிசினை மட்டுமல்ல, அதுவரை கண்ணில்கூடக் காணாத, வேதியியலில் அதோடு எந்த உறவும் இல்லாத டானோமைசின் போன்ற மருந்துகளையும் சட்டை செய்யவில்லை. நியூயார்க்கில் ஜூன் பீட்லரும் இதே விநோதத்தை 1970லேயே ஹாம்ஸ்டர் செல்களில் பார்த்திருந்தார். 1976இல் ருடால்ப் ஜூலியானோவும் லிங்கும் காரணத்தைப் பிடித்தார்கள்: செல்லின் சவ்வில், சர்க்கரை ஒட்டிய, 1,70,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதம் குவிந்திருந்தது. அதுதான் பி-கிளைக்கோபுரோட்டீன். மருந்து உள்ளே நுழைவதை அது தடுக்கிறது என்றே அப்போது நினைத்தார்கள். ஆனால் எதிர்ப்புப் பெற்ற சுண்டெலிப் புற்றுச் செல்கள் டானோமைசினை ஆற்றல் செலவிட்டு வெளியே தள்ளுகின்றன என்று கோபன்ஹேகனில் கெல்ட் டானோ 1973லேயே காட்டியிருந்தார். இரண்டு நூல்முனைகளும் ஒன்றுசேரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. 1986இல் இந்தப் புரதத்துக்கான சுண்டெலி மரபணுவும் மனித மரபணுவும் படிக்கப்பட்டபோது, பாக்டீரியாக்கள் சரக்கு ஏற்றி இறக்கப் பயன்படுத்தும் புரதங்களின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இது ஒரு பம்ப் என்பது உறுதிப்பட்டது.

மனிதப் புரதத்தில் 1,280 அமினோ அமிலங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் சவ்வை ஆறு முறை ஊடுருவிச் செல்கிறது. செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளிலும் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்ட இடமுண்டு. கொடியில் துணி மாட்டும் கிளிப்பின் வாய் கீழ்நோக்கித் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சவ்வின் கொழுப்பில் கரைந்து நுழையும் மருந்து அந்த இடைவெளியில் சிக்கும். ஏடிபி ஒட்டியதும் கீழ்முனைகள் சேர்ந்து மூடிக்கொள்ள, மேல்பக்கம் விரிந்து மருந்து வெளியே போய்விடும். உள்ளிருக்கும் பை பெரியது, எண்ணெய்ப்பசை விரும்பி. அதனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகளையெல்லாம் அது ஏற்றுக்கொள்கிறது.

பம்பை அடைத்துவிட்டால் புற்றுநோய் மருந்து வேலை செய்யுமே என்று யாருக்கும் தோன்றும். 1981இல் ஜப்பானின் தகாஷி சுருவோ, இதயநோய்க்குக் கொடுக்கும் வெரபமில் எதிர்ப்புப் பெற்ற லுகேமியா செல்களை மீண்டும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுமருந்துக்குப் பணிய வைக்கிறது என்று கண்டார். நோயாளிகளிடம் போனபோது, பம்பை அடைக்கத் தேவைப்பட்ட அளவு இதயத்துக்கு ஆகவில்லை. அடுத்து வந்த வால்ஸ்போடர் போன்றவை புற்றுமருந்து உடலைவிட்டு வெளியேறுவதையே தாமதப்படுத்தின. புற்றுமருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. இந்தப் பம்ப் குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அன்றாடம் வேலை பார்க்கிறது. புற்றுக்கட்டியில் மட்டும் அடைக்கிறேன் என்றால் நடக்கிற காரியமா?

ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழு இந்தப் பம்ப் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. நன்றாகத் தின்று, குட்டி போட்டு, ஒரு குறையுமில்லாமல் இருந்தன. கூண்டுகளில் உண்ணி வகைப் பூச்சி பெருகிவிட்டது. எந்த விலங்குக்கூடத்திலும் செய்வதுபோல ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைத் தெளித்தார்கள். மாற்றமில்லாத சுண்டெலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்ப் இல்லாதவை ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. அவற்றின் மூளையில் மருந்து 80 மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. 1994இல் இது வெளியானது. பெருஞ்செலவில் நடந்த பல சோதனைகளைவிட அந்தப் பூச்சித்தொல்லை அதிகம் சொல்லிக்கொடுத்தது என்பது என் கட்சி.

எங்களுக்கு அந்தச் சாவு புதிதல்ல. 1980களிலிருந்தே கோலி இன நாய்கள் ஐவர்மெக்டினில் தள்ளாடி, எச்சில் வடித்து, நினைவிழந்தன. கோலி போல வெள்ளைக் கால் உள்ள நாய்க்கு அந்த ஊசி வேண்டாம் என்பது வெளிநாட்டு வெட்னரி வட்டாரத்தில் வாய்மொழி விதி. காரணம் 2001இல்தான் தெரிந்தது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கத்ரினா மீலி அந்த நாய்களில் இதே மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டினார். அதனால் புரதம் ஆரம்பத்திலேயே அறுந்துபோகிறது.

என் கிளினிக்கில் இன்றும், "டாக்டர், மாட்டுக்குப் போடுற ஊசிதானே, சொறிக்கு நாய்க்கும் ஒண்ணு போட்டுவிடுங்க" என்பார்கள். "இதோட அப்பன் என்ன ஜாதி?" என்று கேட்காமல் சிரிஞ்சைத் தொடமாட்டேன். தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் தொற்றுக்கட்டிக்கு நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டினை வாராவாரம் நரம்பில் ஏற்றுகிறோம். பெரும்பாலும் சில வாரங்களில் கட்டி கரைந்துவிடும். அதுவும் இந்தப் பம்ப் தள்ளும் சரக்குதான். கோலிக் கலப்பு என்று சந்தேகம் வந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும்.

புரதத்தின் உருவத்தைப் பார்த்ததிலும் சுண்டெலிதான் முந்தியது: 2009இல் ஜெஃப்ரி சாங் குழு படிகமாக்கியது சுண்டெலியுடையதை. மனிதப் புரதம் ஏடிபி ஒட்டி வெளிப்பக்கம் திரும்பிய நிலையை ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜூ சென் குழு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 2018இல் கண்டது. மறு ஆண்டு சூரிச்சில் காஸ்பர் லோஹர் குழு, அதன் பைக்குள் டாக்ஸால் என்ற புற்றுமருந்தின் ஒரே ஒரு மூலக்கூறு உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. புற்றுநோய் சிகிச்சையில் இந்தப் பம்பை அடைக்கவென்று அனுமதி பெற்ற மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.