புகாரைக் கேட்பவர் யார்?

நேயர்களே, கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா சற்று முன் எழுந்து கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். "தனியார் மருத்துவமனையின் பில்லைப் பற்றிப் புகார் சொன்னால், அதே மருத்துவமனையிடமே போய்ச் சொல்லச் சொல்கிறார்களே, ஐயா?" என்றார். அரங்கில் சிலர் சிரித்தீர்கள். அம்மா கேட்டது நூறாண்டுப் பழைய கேள்வி.

1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். அவ்வாண்டு கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானிலும், காய்ச்சலால் மட்டும் 368 பேர் மாண்டனர். காட்டை அழித்துச் சதுப்பு நீரை வடிய வைத்தார்கள். மறு ஆண்டில் அத்தொகை 59 ஆகக் குறைந்தது. பட்டணத்தில் அந்தச் செலவை அரசாங்கம் ஏற்றது. தோட்டத்திலோ செலவு கம்பெனியுடையது. ஆள் காய்ச்சலில் படுத்தால் நட்டம் உங்களுக்குத்தான் என்று துரைமார்களுக்கு வாட்சன் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மருத்துவரே கணக்கப்பிள்ளையாகவும் இருக்க வேண்டிய காலம்!

தோட்ட ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸரை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்குச் சம்பளம் தந்தது தோட்ட நிர்வாகம். ஆள் உண்மையிலேயே நோயாளியா, வேலைக்குச் சுணங்குகிறாரா என்று சொல்வதும் அவரே. அவர் மேல் குறை சொல்ல வேண்டுமானால் தண்டல், கிராணி, துரை என்று அதே நிர்வாகத்தின் படியைத்தான் ஏற வேண்டும். இரவில் லயத்துக்கு நடந்து வந்து மருந்து கொடுத்த நல்லவர்களும் உண்டு. நான் மனிதரைக் குறை கூறவில்லை, ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

வெளியார் காது ஒன்றும் பிறகு கிடைத்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டங்களுக்குச் சென்று குறை கேட்டார், ஆண்டறிக்கை எழுதினார். துரையைத் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. ஆனால் துரையிடம் சம்பளம் வாங்கியவரும் அல்லர்.

இனி நம் காலம். 1992இல் நிறுவனமாக்கப்பட்ட தேசிய இருதயக் கழகத்தின் பங்குகளை வாங்க 2008 டிசம்பரில் சைம் டார்பி முன்வந்தது. 1910இல் ரப்பர்த் தோட்டத் தொழிலில் பிறந்த கம்பெனி அது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏழை நோயாளிகளின் கதி என்னவாகும் என்று மக்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்தத் திட்டம் நின்றது. அன்று புகார் சொன்னது தனி நோயாளி அல்ல, நாடே சொன்னது.

அம்மாவுக்கு வருகிறேன். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டம் 2006 மே முதல் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் புகார் கேட்க வழி வைத்திருக்க வேண்டும். டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. பில் பருப்பது பெரும்பாலும் மருந்திலும் அறை வாடகையிலும் கருவிகளிலும்தான்; அவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. 2025 மே முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. டாக்டர்கள் பலர் அதற்கு முகம் சுளித்தார்கள்.

ஆகவே அம்மா, முதலில் ஒவ்வொரு செலவும் தனித்தனியாகப் போட்ட பில்லைக் கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக் கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். டாக்டரின் நடத்தை பற்றியதானால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதுங்கள். அவர்கள் யாரும் அந்த மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர்.