இரண்டு விடியல் பார்த்த விமானம்

2018 மார்ச்சில் குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 787 ஒன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கிளம்பி, வழியில் எங்கும் இறங்காமல் லண்டன் போய்ச் சேர்ந்தது. தூரம் 14,498 கி.மீ., நேரம் சுமார் 17 மணி. இடைநில்லாமல் இவ்வளவு நேரமா என்று வியந்தவர்கள் பலர். அதே நிறுவனம், அதே பெர்த்திலிருந்து, 1943-லேயே அதைவிட நீண்ட நேரம் பறந்திருக்கிறது. போன இடம் இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரி.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழ, ஆஸ்திரேலியா - இங்கிலாந்து வான்வழி அறுந்தது. மிச்சமிருந்தது இந்துமாக்கடல்தான். ஏறக்குறைய 6,500 கி.மீ. தண்ணீரைத் தாண்ட காட்டலினா எனும் பறக்கும் படகுகள் ஐந்தைக் கொண்டுவந்தார்கள். பெர்த்தில் ஸ்வான் ஆற்றில் ஓடி எழும்பும், கொக்கலையில் ஏரியில் இறங்கும்.

வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவுதான். அவ்வளவு தூரத்துக்கும் எண்ணெய் சுமக்க வேண்டுமே! தேவையில்லாத சாமான்களையெல்லாம் கழற்றிப்போட்டு, கூடுதல் டாங்கிகளை உள்ளே வைத்தார்கள். பிறகு மிஞ்சிய இடம் மூன்றே பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும். அந்தக் கனத்தோடு கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றால், மற்றதை வைத்து உயரத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. எனக்கு இந்தக் கதையில் வயிற்றைக் கலக்குகிற இடம் இதுதான்.

எதிரி விமானங்கள் சுற்றக்கூடிய பகுதியை இருட்டில் கடந்துவிட வேண்டும். கிளம்பும் நேரத்தை அதை வைத்தே குறித்தார்கள். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது என்பதால், இரவில் வழி காட்டியவை நட்சத்திரங்கள். விமானங்களுக்கும் அவற்றின் பெயர்தான்: அல்டேர், வேகா, ரைகல், அண்டாரஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கக்காரர் கேட்டால் அல்டேரைத் திருவோணம் என்பார், அண்டாரஸைக் கேட்டை என்பார், ஸ்பைகாவைச் சித்திரை என்பார்.

காற்று ஒத்துழைத்தால் 27 மணி நேரம், எதிர்த்தால் 30-க்கும் மேல். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆனது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்துவிடும். அதனால் இறங்கிய பயணிகளுக்கு ‘இரட்டை விடியல் இரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். போர்க்காலத்திலும் குறும்பு போகவில்லை.

1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தன அந்தப் படகுகள். கடலில் ஒன்றுகூட விழவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்கக் கடனுதவி ஒப்பந்தத்தின்படி அவற்றை வைத்துக்கொள்ள முடியாது என்று ஆஸ்திரேலியக் கரையோரம் இழுத்துப்போய் மூழ்கடித்துவிட்டார்கள்.