தகரத்துக்கு அந்தப் பக்கம்

2018 கடைசியில திருநெல்வேலி ஜங்ஷன் பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சாங்க. அப்புறம் சில வருஷம் நான் ஊருக்குப் போனப்பல்லாம் பார்த்தது தகரத் தடுப்புதான். வேலை எப்ப முடியும், பாபநாசம் பஸ் இப்ப எங்க நிக்கும்? எல்லாத்தையும் பக்கத்து டீக்கடை அண்ணாச்சிகிட்டதான் கேப்போம். அவரும் அலுக்காம சொல்வாரு, பாதி அவராவே யூகிச்சது.

அண்ணாச்சி பார்த்த அந்த வேலைக்குன்னே சில ஊர்கள்ல தனியா ஒரு இடம் கட்டியிருக்காங்க. அந்த வரலாறுதான் இன்னைக்கு.

நியூயார்க்ல 1930கள்ல ராக்ஃபெல்லர் சென்டர் எழும்பிட்டு இருந்தது. ஓரமா நின்னு குழியை எட்டிப் பார்த்த ஒரு ஆளை, "நகருங்க சார்"னு காவலாளி விரட்டிட்டாராம். அந்த ஆள் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், அதைக் கட்டுறவரே அவர்தான்! கதை எவ்வளவு உண்மையோ, 1938ல அங்க வேடிக்கை பார்க்கிறவங்களுக்குன்னே ஒரு மேடை வந்தது. 'நடைபாதை மேற்பார்வையாளர்கள் சங்கம்'னு பேர் வச்சு, உறுப்பினர் அட்டையும் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல ஜேசிபி ஓடுனா கூட்டம் கூடுமே, அதுக்கு அட்டை கொடுத்த மாதிரி.

இதைப் பெருசா செஞ்சது பெர்லின். சுவர் விழுந்த பிறகு போட்ஸ்டாமர் பிளாட்ஸ் முழுக்கத் தோண்டிக் கிடந்தது. 1995ல பக்கத்துல, கால் ஊன்றின ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. பேரு இன்ஃபோ பாக்ஸ். உள்ளே மாதிரிகள், படங்கள். மொட்டைமாடியில நின்னா மொத்தக் குழியும் தெரியும். 2001ல கழட்டுறதுக்குள்ள 80 லட்சம் பேருக்கு மேல வந்துட்டாங்க.

அவங்க பார்த்த குழி சாதாரணக் குழி இல்ல. பெர்லின்ல கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. அதை இறைச்சா நிலத்தடி நீர் இறங்கி, பக்கத்து டியர்கார்ட்டன் பூங்கா மரங்கள் பட்டுப்போகும். அதனால குழியில தண்ணியை அப்படியே விட்டு, முக்குளிப்பவர்களை இறக்கி, தண்ணிக்கு அடியில கான்கிரீட் போட்டாங்க. இதை யாராவது சொல்லலைன்னா, வெளியே நிக்கிறவன் "என்னய்யா, குளம் வெட்டுறாங்களா?"ன்னுதான் கேப்பான்.

ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டிக்குப் பணம் போட்டதுல அங்க கட்டின கம்பெனிகளும் உண்டு. அப்போ அது பாதி விளம்பரம்தான். கட்டலாமா வேண்டாமான்னு கேக்குற இடம் அதுல்ல. இருந்தாலும் வேலை நடக்கும்போதே திறந்து வச்சாங்க, அதுதான் எனக்குப் பெருசு. டெல்லியில பட்டேல் சவுக் நிலையத்துக்குள்ள மெட்ரோ அருங்காட்சியகம் வந்தது 2009ல. முதல் ரயில் 2002லேயே ஓடியாச்சு. அது நல்ல அருங்காட்சியகம், ஆனா தூசி தின்னவங்களுக்கு லேட்டு.

நம்ம ஊர்ல? சுலோசனா முதலியார் பாலம் 1843ல திறந்தது. யார் காசுன்னு பேரே சொல்லிடும். தாமிரபரணிக்குள்ள எப்படிக் கால் ஊன்றினாங்கன்னு கேளுங்க, முழிப்போம்.

பஸ் ஸ்டாண்டுலயும் அதேதான். அஸ்திவாரத்துக்குத் தோண்டினப்போ ஆத்து மணல் வந்தது, அது கோர்ட் வரைக்கும் போச்சு. வழக்குச் செய்தி எல்லாரும் படிச்சோம். ஆனா ஆத்துல இருந்து இவ்வளவு தள்ளி, பஸ் நிக்கிற இடத்துக்கு அடியில எப்படி ஆத்து மணல்? அண்ணாச்சிகிட்டயே கேட்டேன். "ஆறு ஒரு காலத்துல இங்கன ஓடியிருக்கும்லா"ன்னுட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போயிட்டாரு.