முந்திய அன்பும் திருக்காவலூர் முனிவரும்

திருக்காவலூர் என்னும் ஏலாக்குறிச்சியின் வரலாற்றை ஏலாக்குறிச்சியாருக்கே எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அரியலூர் மழவராயரின் ராஜபிளவைக் கட்டியும், வீரமாமுனிவர் அதைத் தீர்த்த விதமும், அரசர் அளித்த நிலமும் இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். கடவுளை நாம் ஏன் அன்பு செய்கிறோம் என்று எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள். என் தகுதிக்கு மீறிய பொருள்தான். ஆயினும் அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குச் செய்யும் தொண்டாக எண்ணி ஏற்றுக்கொண்டேன்.

திருத்தூதர் யோவான் தம் முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் இதற்கு விடை தந்துவிட்டார். அன்பு நம்மிடம் தொடங்கவில்லை, கடவுள் முந்திக்கொண்டார், நாம் செய்வதெல்லாம் மறுமொழி. இதையே பவுலடியார் உரோமையருக்கு எழுதியபோது, நாம் திருந்தி வரட்டும் என்று கிறிஸ்து காத்திருக்கவில்லை, பாவிகளாய் இருந்தபோதே நமக்காக உயிர்விட்டார் என்று விளக்குகிறார். பழைய ஏற்பாட்டிலும் இந்தக் குரல் உண்டு. இணைச்சட்ட நூலின் ஏழாம் அதிகாரத்தில், இஸ்ரயேல் பெரிய இனம் என்பதற்காகத் தேர்ந்துகொள்ளப்படவில்லை, எல்லா இனங்களிலும் சிறியதாய் இருந்தும் அன்பினால் தேர்ந்துகொள்ளப்பட்டது என்கிறார் மோசே. ஓசேயாவோ கடவுளை, குழந்தைக்கு நடை பழக்கிக் கையில் ஏந்தும் தகப்பனாகக் காட்டுகிறார்.

எரேமியா இன்னும் பின்னே போய், தாய் வயிற்றில் உருவாகுமுன்பே கடவுள் தம்மை அறிந்திருந்தார் என்கிறார். அந்த அன்பு எவ்வளவு முந்தியது? பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறதல்லவா? 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த அந்த மரத்துக்குச் சுமார் 12 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். அது இலைவிட்டு நின்ற நாளில் மனிதன் இல்லை. மனிதன்மேல் கடவுள் வைத்த அன்பு அதற்கும் முந்தியது.

இப்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரம். பரிசேயர் சீமோன் வீட்டு விருந்து அது. ஊரார் பாவி என்று ஒதுக்கிய பெண் ஒருத்தி உள்ளே வந்து, ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். சீமோன் முகம் சுளிக்கிறார். இயேசு கோபிக்கவில்லை, ஒரு கடன் கதை சொல்கிறார். ஒருவன் பட்ட கடன் 500 தெனாரியம், இன்னொருவன் பட்டது 50. இருவர் கடனும் தள்ளுபடி ஆயிற்று. யார் அதிகம் அன்பு செய்வான்? அந்தப் பெண் அழுததால் மன்னிப்பை வாங்கினாள் என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். கடன் கதையை ஊன்றிப் படித்தால் அப்படிச் சொல்ல இடமில்லை. மன்னிப்பு முதலில் வந்தது, கண்ணீர் பின்னால் வந்தது. சீமோன் விருந்துக்கு அழைத்தாரே தவிர, கால் கழுவத் தண்ணீர்கூடத் தரவில்லை. தாம் ஏதும் பெற்றதாக அவருக்கு நினைவில்லை.

இங்கே நம் வீரமாமுனிவரிடம் வருகிறேன். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்தவர். இயேசு சபையின் துறவி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அப்படியானால் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தை அவர் சொல் சொல்லாக எடைபோட்டிருக்க வேண்டும். தான் முன்பு ஒன்றும் செய்யாதிருக்கப் பிறர் தனக்குச் செய்த உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்பது அதன் முதற் குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் பொருள். அந்தக் குறளைப் பெயர்த்தபோது முனிவருக்கு யோவானின் திருமுகம் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா? வள்ளுவர் ஈடு இல்லை என்று நிறுத்துகிறார். ஈடுகட்ட முடியாதவர்கள் என்ன செய்வது என்பதற்கு யோவான் வழி சொல்கிறார்.

முனிவருடைய சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் அமைத்த ஆன்மீகப் பயிற்சிகள், அன்பை அடைவதற்கான தியானத்தோடு முடிகின்றன. அதில் முதலில் செய்ய வேண்டியது, பெற்றுக்கொண்டவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருவது. படைப்பு, மீட்பு, தனக்கென்று கிடைத்த நன்மைகள். அதன் பிறகுதான் தன்னையே கையளிக்கும் மன்றாட்டு. அன்பு சொல்லைவிடச் செயலில் விளங்க வேண்டும் என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே உண்டு. இந்தப் பள்ளியில் பயின்றவர் காப்பியம் பாட நினைத்தபோது யாரைத் தலைவனாக்கினார் பாருங்கள்! நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத சூசையப்பரை. தேம்பாவணியின் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் அவர் புகழ் பாடுகின்றன. மத்தேயு நற்செய்தியில் கனவில் கட்டளை வருகிறது, அவர் எழுந்து செய்கிறார். மனைவியை ஏற்கிறார், இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அவர் தந்த மறுமொழி முழுவதும் செயலே.

12-ஆம் நூற்றாண்டின் புனித பெர்நார்து, கடவுளை அன்பு செய்வதற்குக் காரணம் கடவுளே என்று எழுதி, அன்பில் நான்கு படிகளையும் காட்டினார். தன்னலத்துக்காகக் கடவுளை நேசிப்பது இரண்டாம் படி. கடவுளுக்காகவே கடவுளை நேசிப்பது மூன்றாம் படி. மொட்டை போட்டு, கும்பிடு சேவை செய்து, பிள்ளை வரமும் வேலையும் கேட்கும் நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் படியில் நிற்கிறோம். அதைக் கேலி பேசுவோர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. அடிக்கடி கேட்டுப் பெற்றுப் பெற்றுத்தான் தருபவரின் இனிமை தெரியவரும் என்று அதே பெர்நார்து சொல்கிறார். பெரம்பலூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்து வந்த சின்ன வெங்காயத்தை அன்னையின் பாதத்தில் அவிழ்த்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அருகிலிருந்தவர் விண்ணப்பச் சீட்டை நீட்டினார். “கேட்டதெல்லாம் போன வருசமே குடுத்துட்டாங்க, சாமி” என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு நடந்தார். எந்த நூலையும் படிக்காமலே மூன்றாம் படியில் கால் வைத்தவர்!

காணும் சகோதரனை வெறுப்பவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்று யோவான் தம் திருமுகத்தின் அதே நான்காம் அதிகாரத்தில் முடிக்கிறார். சாதியால் பிரிந்து தேர் இழுக்கும் ஊர்கள் இதை மனத்தில் கொள்ளட்டும். நம் பங்குகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று: நவநாளில் விண்ணப்பங்களை வாசிப்பதற்கு முன் நன்றிகளை வாசியுங்கள், ஒரு மாலையேனும் தேம்பாவணியின் ஒரு படலத்தைப் பாடவைத்து உரை சொல்லச் செய்யுங்கள். பாட ஆள் கிடைக்காவிட்டால் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்கத் தொடங்கலாம்.