தங்கத் தங்க நீளும் வரிசை

வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி 1978ல் திருப்பூருக்கு வந்ததிலிருந்துதான் இந்த ஊரின் ஏற்றுமதிக் கதையை வழக்கமாகத் தொடங்குவார்கள். 1981ல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. 1990ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் பிறந்தது. 1925 வாக்கில் உள்ளூருக்குப் பனியன் பின்ன ஆரம்பித்த ஊர், இன்று நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்புகிறது. நூல் விலை, சாயக்கழிவு, டாலர் மதிப்பு என்று இந்தக் கதைக்குப் பல அத்தியாயங்கள் உண்டு. எழுதப்படாத அத்தியாயம் ஒன்றும் உண்டு. இந்த வியாபாரத்துக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் ஊருக்குள் வந்த வெளிநாட்டவர், தாம் இங்கே இருப்பதை யாரிடம், எத்தனை தடவை, எந்த வரிசையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அது. அதைத் தேடிப் போனால் தலைகீழான ஒரு கணக்கு கிடைக்கிறது. ஊரோடு ஒட்டுறவே இல்லாமல் வந்து போகிறவருக்கு வரிசை கிடையாது. வீடு பிடித்துத் தங்குகிறவருக்கு உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் அது ஓயாமல் நீள்கிறது.

இந்தக் கணக்கின் வேர் போர்க்காலச் சட்டத்தில் இருக்கிறது. 1864லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் வெளிநாட்டவர் சட்டம் ஒன்று இருந்தது. வேண்டாதவரை வெளியேற்ற அது அரசுக்கு அதிகாரம் தந்தது. முதல் உலகப்போரில் அந்த மனோபாவம் முழுவேகம் கொண்டது. தமிழகத்தில் பல தலைமுறையாகப் பள்ளியும் சபையும் நடத்திவந்த லைப்சிக் மிஷனின் ஜெர்மானியப் பாதிரிமார் அகற்றப்பட்டு, அவர்கள் பொறுப்பு ஸ்வீடன் மிஷன் கைக்குப் போனது. இரண்டாம் உலகப்போர் மூள்வதற்குச் சில மாதங்கள் முன்பு, 1939 ஏப்ரலில், வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. 1946ல் வெளிநாட்டவர் சட்டம். இந்த இரண்டும் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தன. அவற்றை எழுதியவர்கள் மனதில் இருந்தது எதிரி நாட்டு உளவாளி. தங்கியிருக்கும் அந்நியன் ஆபத்தானவன், எவ்வளவு காலம் தங்குகிறானோ அவ்வளவு கண்காணிக்க வேண்டியவன். தான் வெளிநாட்டவன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையே 1946 சட்டத்தின் 9ஆம் பிரிவு சம்பந்தப்பட்டவர் தலையில் ஏற்றியது. யார் வெளிநாட்டவர் என்பதுகூட அந்தக் காலத்துக்கேற்ற விளக்கம்தான். பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜையானவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர் அல்லர். அதாவது யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் 1946ல் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு வந்தால் அவர் அந்நியர் இல்லை. 1957 திருத்தத்துக்குப் பிறகுதான், இந்தியக் குடிமகன் அல்லாத எவரும் வெளிநாட்டவர் என்றானது. ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. ஏட்டில் பெயர் எழுதப்படும் பக்கம் மாறிவிட்டது.

சரக்கு வாங்க வரும் பையரிடமிருந்து தொடங்கலாம். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிற பையர் கோவை விமான நிலையத்தில் இறங்கி, அவிநாசி சாலை வழியாகக் கம்பெனி காரில் வருகிறார். சாம்பிள் பார்க்கிறார், விலை பேசுகிறார், இரண்டு மூன்று யூனிட் சுற்றுகிறார், கிளம்புகிறார். விசா 180 நாளைத் தாண்டினால்தான், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. பல ஆண்டுக்கான பிசினஸ் விசாவில் ஒவ்வொரு முறை தங்குவதும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று குறித்திருந்தால் பதிவே வேண்டாம். ஆகவே இருபது வருஷமாக ஆண்டுக்கு நாலு தடவை வந்து, கோடிக்கணக்கில் ஆர்டர் கொடுத்துப் போன பையர், பதிவு அலுவலகம் இருக்கும் திசையைக்கூட அறியாமல் ஓய்வு பெற்றுவிட முடியும். அவரைப் பற்றி அரசுக்குத் தெரியாமல் இல்லை. தெரிவிக்கும் வேலையை ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்கும் பையன் செய்கிறான். பாஸ்போர்ட்டையும் விசாவையும் நகலெடுத்து, எண், வழங்கிய இடம், எந்த ஊரிலிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், இந்தியாவில் வேலை பார்க்கிறாரா என்று கட்டம் கட்டமாக நிரப்பி, 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய, சி ஃபார்ம் என்று பழகிப்போன படிவம் அது. பையர் போடுவது ஒரு கையெழுத்து, அதுவும் காபி வருவதற்குள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்காணிப்பு இருக்கிறது, காத்திருப்பு இல்லை. இப்படியும் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

தங்குகிறவர் கதை வேறு. ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் வட்டப்பின்னல் எந்திரத்தை நிறுவ வருகிற தொழில்நுட்பக்காரர் சில வாரத்தில் போய்விடுவார். ஆனால் ஆண்டுக்கணக்கில் இருந்து தரம் பார்க்க வருகிறவரோ, ஆலை நடத்த வருகிறவரோ பதிவு செய்தாக வேண்டும். மாவட்டத்தில் அதற்கான அதிகாரி காவல் கண்காணிப்பாளர். சில மாநகரங்களுக்கு மட்டும் தனி மண்டலப் பதிவு அலுவலகம். தமிழ்நாட்டில் அது சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகத்தில். திருப்பூர் தனி மாவட்டமானதே 2009ல்தான், அதுவரை கோவையே தலைமையிடம். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் அத்தாட்சி, கம்பெனி உறுதிக் கடிதம், போட்டோ எல்லாம் வேண்டும். கம்பெனியில் இதற்கென்றே ஓர் ஆள் இருந்தால் கோப்பு தானாக நடக்கும். இல்லாவிட்டால் அந்த வெளிநாட்டவரே நடக்க வேண்டும்.

காதர்பேட்டைக்கு வந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏற்றுமதியில் மிஞ்சியது, ரிஜெக்ட் ஆனது, செகண்ட்ஸ் எல்லாம் மொத்தமாகக் கைமாறும் சந்தை அது. அங்கே வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப நைஜீரிய வியாபாரிகள் வந்தார்கள். ராயபுரம் வட்டாரத்தில் வாடகை வீடுகளில் தங்கினார்கள். பையரைப் போல ஒரு வாரத்தில் இவர்கள் வேலை முடியாது. சரக்கு எப்போது, எந்தக் கம்பெனியிலிருந்து கழியும் என்று யாருக்கும் தெரியாது. கையில் காசோடு ஊரிலேயே காத்துக் கிடப்பவருக்குத்தான் நல்ல லாட் அமையும். தங்குவதுதான் அந்தத் தொழிலின் மூலதனம், ஆனால் சட்டம் எச்சரிக்கையாகப் பார்ப்பதும் அதைத்தான். சி ஃபார்ம் கொடுக்க வேண்டியது ஹோட்டல் மட்டுமல்ல, வெளிநாட்டவருக்கு வீடு விட்டவரும்தான் என்பது பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் சிலருக்கு வாடகை வருமானத்தைக் காட்ட விருப்பமும் இல்லை. அதனால் வாடகைதாரர் கோப்பில் ஒரு தாள் குறைகிறது, குறைந்த தாளால் நீட்டிப்பு நிற்கிறது, நீட்டிப்பு நின்றால் விசா காலாவதி. பிறகு கைது, வழக்கு, வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாம். எல்லாரும் இப்படி அப்பாவியாகச் சிக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். விசா விதியை மீறிக் கடை நடத்துகிறார்கள் என்று உள்ளூர் வியாபாரிகள் எழுப்பிய புகாரில் நியாயமும் இருந்தது, போட்டிப் பொறாமையும் இருந்தது. நான் சொல்வது ஒன்றுதான்: ஏற்றுமதியின் முதல் தரச் சரக்கை வாங்கியவருக்காக ஊரே எழுதிக் கொடுத்தது, இரண்டாம் தரத்தை வாங்கியவருக்காக எழுத ஓர் ஆள் இல்லை.

மூன்றாவது வகையினரை வெளிநாட்டவர் என்று அழைக்கவே நாக்கு கூசும், ஆனால் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலை அலையாக வந்த இலங்கைத் தமிழர் மூன்று லட்சம் பேர். இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர். வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் சுமார் 34,000 பேர். திருப்பூரை ஒட்டித் திருமுருகன்பூண்டியிலும் ஒரு முகாம் உண்டு. முகாம் வாழ்க்கையின் கடிகாரம் செக்கிங். குறித்த நாளில் வருவாய்த்துறை ஆள் வந்து பெயர் வாசிக்கும்போது குடும்ப அட்டையோடு ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உதவித்தொகைக்கு ஆபத்து, அதைவிடப் பெரிய ஆபத்து முகாம் பதிவே போய்விடுவது. 2021 உயர்வுக்குப் பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு, சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு ஷிப்ட் குறைந்தால் என்ன போகும் என்று கணக்குப் போட்டால், சில மாதங்களில் இந்தத் தொகை தன்னைத்தானே தின்றுவிடும். அப்படியும் நிற்கிறார்கள், ஏனென்றால் பணத்துக்காக அல்லாமல் பதிவேட்டில் இருப்பதற்காக நிற்கும் வரிசை அது. முகாம்களுக்கு 2021 ஆகஸ்டில் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. பெயர் வாசிக்கும் நாள் மாறவில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் பதிவு இறுகியது, அதற்குக் காரணமும் இருந்தது. 2025 தொடக்கத்தில் பல்லடம் வட்டாரத்தில் உரிய ஆவணம் இல்லாத வங்கதேசத்தவர் பலர் பிடிபட்டார்கள். பல லட்சம் வெளியூர்த் தொழிலாளர் வந்து குவியும் ஊரில் யார் யாரென்று அரசு கேட்கக் கூடாதா? கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு உதாரணங்களும் பதிவு வரிசைக்கு ஆதரவாகப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. கொலையை நடத்த வந்த குழுவினர் எந்த முகாமிலும் பெயர் கொடுத்து அகதிகளாகக் காத்திருக்கவில்லை, படகில் திருட்டுத்தனமாக வந்து வாடகை வீடுகளில் ஒளிந்தவர்கள். திருப்பூர் வட்டாரத்தில் அவ்வப்போது சிக்குகிறவர்களிடம் போலி ஆதார் இருக்கிறது, வெளிநாட்டவர் என்ற பதிவுதான் இல்லை. ஒளிய நினைப்பவர் வரிசைக்கு வருவதில்லை. வரிசையின் முழுப்பாரமும் சட்டத்துக்குப் பணிந்தவர் முதுகில் ஏறுகிறது. முப்பது வருஷமாகத் தவறாமல் வந்து நிற்கிறவரைப் பற்றி அரசுக்கு இனிமேல் புதிதாகத் தெரிய என்ன இருக்கிறது? உளவுக்கு உண்மையில் பயன்படுவது வீட்டுக்காரர் கொடுக்கும் சி ஃபார்ம்தான். அதைச் சுலபமாக்கி, கறாராக வாங்கினால் ராயபுரத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இன்னொரு மறுப்பு, வரிசையே ஒழிந்துவிட்டது என்பது. 2018 ஏப்ரலில் இ-எஃப்ஆர்ஆர்ஓ வந்தது. பதிவு, நீட்டிப்பு, வெளியேறும் அனுமதி எல்லாம் இணையத்தில். அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும். கம்பெனிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இது பெரிய விடுதலை, மறுக்க முடியாது. ஆனால் அந்த வலைத்தளம் கேட்பதும் பழைய தாள்களைத்தான். வீட்டுக்காரர் தராத அத்தாட்சியை எந்தக் கணினியும் உண்டாக்கித் தராது. முகாம் செக்கிங் இந்தத் தளத்துக்குள் வரவே இல்லை. மூன்று வகையினரில் முதலாமவருக்கு இது தேவைப்படவில்லை, இரண்டாமவருக்குப் பாதி உதவி, மூன்றாமவருக்கு எட்டவில்லை.

எல்லா நாட்டிலும் இதுதானே நடக்கிறது என்பார்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்காமல் மாதக்கணக்கில் தவிப்பது நிஜம். ஆனால் அங்கே வீடு மாறியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரி பதிய வேண்டும் என்ற விதி ஜெர்மானியருக்கும் உண்டு. முக்கியமாக, அங்கே காலம் ஒருவர் பக்கம் வேலை செய்கிறது. சில ஆண்டு வேலை பார்த்து வரி கட்டினால் நிரந்தரத் தங்கல் உரிமை, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பம். ஒவ்வொரு படியிலும் வரிசை குறையும். திருப்பூர் முகாமில் நாற்பது ஆண்டு என்பது படியில் ஏறியதாகக் கணக்கில் வராது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. அதே 2019 ஜூனில், திருச்சி முகாம்களில் வாழும் மலையகத் தமிழர் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வழி காட்டியது.

1939, 1946 சட்டங்களுக்கு 2025ல்தான் விடை கொடுத்தார்கள். குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்டவர் தலையில் என்ற பழைய பிரிவு இதிலும் இருக்கிறது. கூடவே வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவிக்கிறது. தண்டனை இல்லை என்பதோடு அது நிற்கிறது, குடியுரிமை பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய சட்டம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதன்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், இந்தியர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதைச் சுட்டி பாஸ்போர்ட் தரச் சொன்னது மதுரைக் கிளை, 2022ல். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அதே முகாமில் 1988ல் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், அந்த உரிமை கிடையாது. அடுத்த செக்கிங் தேதி மட்டும் உண்டு.