வலியசாலை: இரண்டு தாயமுறைகள், ஒரு சட்டம்

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சந்து கிடையாது. ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். வாசலில் கோலம், அதை ஒட்டித் திண்ணை, உள்ளே ரேழி, கூடம் என்று வீடு பின்னோக்கி நீளும். அதே நகரத்து நாயர் கூட்டுக் குடும்பத்தின் பழைய வீடான தறவாடோ தனித் தோட்டத்தின் நடுவே, குளமும் நாகங்களுக்கான சோலையான சர்ப்பக்காவும் சூழ நின்றது. அக்கிரகாரத்தில் தகப்பன் சொத்து மகனுக்கு, அது மக்கத்தாயம். தறவாட்டில் சொத்து தாய்வழியே இறங்கியது, நிர்வாகம் மூத்த ஆணான காரணவர் கையில், அது மருமக்கத்தாயம். இரண்டும் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக அருகருகே வாழ்ந்தன. குடும்பத்தை இயற்கை ஒரே அச்சில் வார்த்துவிடவில்லை. சொத்தும் தொழிலும் சட்டமும் சேர்ந்தே அதற்கு உருவம் தருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்கிரகாரத்துத் தமிழ்ப் பிராமணர்கள் கோயில் பணிக்கும் அரண்மனைப் பணிக்கும் இங்கு வந்தவர்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் தளவாயாக விளங்கிய ராமய்யனும் தமிழ்ப் பிராமணரே. அவர்கள் சேவித்த அரசகுலம் மருமக்கத்தாயக் குலம். 1729இல் மார்த்தாண்ட வர்மர் தம் தாய்மாமனுக்குப் பின் அரியணை ஏறினார். மறைந்த மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை எதிர்த்து நின்றார்கள். வீட்டில் மகனுக்கே உரிமை என்று வாழ்ந்த ஐயர்கள், மன்னன் மகனுக்கு முடியுரிமை இல்லாத அரசைத் தயக்கமின்றி நடத்திக் கொடுத்தார்கள்.

கணவன், மனைவி, குழந்தைகள் கொண்ட சிறுகுடும்பம் உலகெங்கும் உண்டு என்று 1949இல் மானிடவியலாளர் மர்டாக் எழுதினார். ஆனால் நாயர்களின் பழைய மணமுறையை ஆராய்ந்த கேத்லீன் கஃப், திருமணத்துக்கான வரையறையையே மாற்றிப் பார்க்கவேண்டும் என்று 1959இல் வாதிட்டார். மருமக்கத்தாயம் மலையாளிகளுக்கே உரிய விதிவிலக்கு என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் நாஞ்சில் நாட்டு வேளாளர் தமிழர்; அவர்களும் மருமக்கள் வழியினரே. தகப்பன் சொத்தில் அவர் மக்களுக்குக் கிடைத்தது 'உகந்துடைமை' என்ற சிறு பங்கு மட்டும். அந்தக் கொடுமையைக் கவிமணி தம் 'மருமக்கள்வழி மான்மியம்' மூலம் ஊரறியச் செய்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசு அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாயர்களுக்கு 1912இலும் 1925இலும் சட்டங்கள் வந்தன. பின்னது தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வழி திறந்தது. பள்ளிப் படிப்பும் சம்பள வேலையும் பெருகியபோது, தான் சம்பாதித்தது தன் மனைவி மக்களுக்கே போகவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சட்டம் அதன் பின்னால் வந்தது.

மருமக்கத்தாயம்தான் செயற்கை, மக்கத்தாயமே இயல்பு, அதனால்தான் அது நிலைத்தது என்பது அடுத்த மறுப்பு. அது நிலைக்கவில்லை. 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள இந்துக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் தறவாட்டை மட்டும் கலைக்கவில்லை. மூதாதையர் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உண்டு என்ற மக்கத்தாய உரிமையையும் நீக்கியது. அக்கிரகாரத்துக் கூட்டுச் சொத்தும் தறவாட்டுச் சொத்தும் ஒரே நாளில், பாகம் பிரித்ததாகவே கொள்ளப்பட்டன.

அப்படியானால் குடும்பமே முடிந்ததா? இல்லை. குஜராத்தின் மஹுவா நகரை ஆராய்ந்த ஐ.பி. தேசாய், தனி அடுப்பு வைத்தவர்களும் கடமையிலும் உதவியிலும் கூட்டாகவே வாழ்வதைக் காட்டினார். சட்டம் கலைத்தது சொத்தின் கூட்டை. உறவின் கூட்டு அதனால் அறுந்துவிடவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், பாகம் பிரியும்போதெல்லாம் குடும்பம் அழிகிறது என்று புலம்புகிறோம். மக்கத்தாயத்தில் மகளும், மருமக்கள் வழியில் மனைவியும் மக்களும் இழந்தவற்றை எண்ணிப் பார்த்தால் அந்தப் புலம்பல் தணியும். இனி யாராவது பழைய குடும்பத்தைப் போற்றும்போது, அதில் யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்று முதலில் கேட்போம்.