தேய்ந்த திருகு

லிவர்மோரில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்க இடமில்லை. 1940களில் செய்த ஒரு பழைய லேத் அங்கே நிற்கிறது. பகலெல்லாம் கணினித் திரையைப் பார்த்திருப்பவனுக்கு இரும்பைத் தொட ஆசை. வாங்கிவந்த அன்று கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைச் சுற்றினேன். கால் சுற்றுப் போன பிறகுதான் டூல் அசைந்தது. 'மரை கழண்டவன்' என்று ஊரில் திட்டுவார்களே, அதன் பொருள் அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு திருகு. அது ஒரு கன்மெட்டல் நட்டுக்குள் ஓடுகிறது. அங்குலத்துக்குப் பத்துப் புரி. ஒரு சுற்றுக்கு டூல் 0.1 அங்குலம் நகரவேண்டும். ஆனால் அன்றாட வேலை பெரும்பாலும் திருகின் ஒரே இரண்டு அங்குலத்தில்தான் நடக்கிறது. அங்கே புரி மெலிந்துபோகிறது. நட்டை மட்டும் மாற்றினால் தீராது. மெலிந்த இடத்துக்குப் பொருந்தும் நட், தேயாத முனையில் இறுகி நின்றுவிடும். முனைக்குப் பொருந்துவது நடுவில் ஆடும். இரண்டையுமே புதிதாகச் செய்யவேண்டும். அதையும் இதே லேத்தில்தான் வெட்டவேண்டும்.

தேய்ந்த இயந்திரம் தன்னைவிட நல்ல திருகை எப்படித் தரும்? இது பழைய கேள்வி. 1800ஐ ஒட்டி லண்டனில் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கிய ஹென்றி மாட்ஸ்லேக்கும் இதே சிக்கல்தான். மென்மையான உருளையில் சாய்வாகப் பொருத்திய கத்தியால் முதல் புரியை வெட்டினார். பிறகு பிழைகளைத் தேடித் தேடித் திருத்தினார். அவர் செய்த 5 அடித் திருகு ஒன்றின் நட் 12 அங்குல நீளம். அங்குலத்துக்கு 50 புரி என்பதால் 600 புரிகள் ஒரே நேரத்தில் பிடித்தன. ஒரு புரியின் பிழையை மற்ற 599 சேர்ந்து அமுக்கிவிடும்.

1882இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோலண்ட், ஒளியைப் பிரிப்பதற்காக உலோகத் தகட்டில் அங்குலத்துக்கு 14,000க்கும் மேற்பட்ட கோடுகளை இழுத்தார். அந்தக் கருவியின் திருகை, நீண்ட பிளவு நட்டும் தேய்ப்புப் பொடியும் கொண்டு பொறுமையாகத் தேய்த்தே சமன்செய்தார். என் லேத்தைக் கெடுத்த தேய்மானம் அவர் கையில் மருந்தாகியிருந்தது.

மூன்றாவது வழி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1980களில் ஒரு வைரமுனை லேத்தைக் கட்டினார்கள். 1.6 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிகளைக்கூட அதில் கடையலாம். டூலின் நிலையை அறிய அது எந்தத் திருகையும் நம்புவதில்லை. லேசரால் நேரே அளந்துகொள்கிறது.

அதைப் படித்தபோது அப்பாவின் நினைவு வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்களும் பட்டறைகளுமாகப் பெருகிய கோவையில், கணபதியில் ஒரு பட்டறையில் அவர் டர்னர். அவரும் டயலை நம்பியதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் லேத்தை நிறுத்தி, மைக்ரோமீட்டரை ஜாப்பின்மேல் வைப்பார். நல்ல இயந்திரம் வாங்க வக்கில்லாத பட்டறையின் வேலை அது என்று, கல்லூரிக்குப் போன நான் நினைத்திருந்தேன். நண்பர்களிடம் அப்பா 'கம்பெனியில் இருக்கிறார்' என்றுதான் சொல்வேன்.

போனில் சங்கதியைச் சொன்னேன்.

"லீட் ஸ்கிரூவும் ஹெட் பக்கந்தான் தேஞ்சிருக்கும் கண்ணு. நீளக் கம்பியாப் போட்டு டெயில் பக்கம் வெட்டு, அப்புறம் அறுத்துக்கலாம். கைப்பிடிய எப்பவும் ஒரே பக்கமிருந்து கொண்டாந்து நிறுத்து. ப்ளே ஒண்ணும் பண்ணாது."

மாட்ஸ்லேயையும் ரோலண்டையும் அவர் கேள்விப்பட்டதில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத் தேய்ந்த லேத்தே போதும் என்பது மட்டும் தெரியும். அவர்கள் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அவருடையதும், அவரோடு நின்றவர்களுடையதும் சம்பளப் பதிவேட்டில்கூட இப்போது இருக்காது.

மூன்றாவது கம்பி சரியாக வந்தது. நட்டும் பொருந்தியது. இருபத்தைந்து கோடு இருந்த ப்ளே மூன்றானது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீங்க ஓட்டுன லேத்துல எவ்வளவுங்கப்பா இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தார்.

"அரைச் சுத்து" என்றார்.